தாசில்தார் மேல் கன்டெம்ப்ட் இருக்கட்டும், முதலில் அந்த வேலியைப் பிரியுங்கள்

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். எனக்கு 58 வயது, தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் இறந்தபிறகு பட்டாவை என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி மூன்று வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். கடைசியில் மதுரை ஹைகோர்ட்டில் ரிட் போட்டோம். உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து 12 வாரத்துக்குள் என் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கணும் என்று போன ஆகஸ்டில் தீர்ப்பாச்சு. செப்டம்பரில் நகலை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம், ரசீது வாங்கவில்லை. இப்போது மே மாதம் ஆகிவிட்டது. தாசில்தாரும் மாறிப் புது ஆள் வந்திருக்கிறார். பட்டா மட்டும் வரவில்லை. கன்டெம்ப்ட் (கோர்ட் அவமதிப்பு கேஸ்) போட்டால் ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள், போடலாமா? இன்னொன்று. பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் நிலம் வழியாக வண்டி ஓட்டக் கூடாது என்று முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டுத் தோற்றோம். சப் கோர்ட்டில் அப்பீல் போட்டு ஸ்டேட்டஸ் கோ வாங்கியிருக்கிறோம். எங்கள் இடம்தானே என்று போன மாதம் கல் ஊன்றி முள்வேலியும் போட்டுவிட்டோம். என் அண்ணன் மகன், முன்சீப் எதிர்த்தரப்பில் பணம் வாங்கிக்கொண்டு தீர்ப்பு எழுதிவிட்டார் என்று அவர் போட்டோவோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான். எதிர்த்தரப்பு வக்கீல், ஆறு மாசம் உள்ளே தள்ளுகிறேன் பார் என்கிறார். பையன் டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவன். தாசில்தார் மேல் கேஸ் போட்டால் அப்புறம் அந்த ஆபீசில் உனக்கு ஒரு வேலையும் நடக்காது என்றும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது? பெயர் வேண்டாம்.

பதில்:

அம்மா, தாசில்தாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், பையனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது: "எங்கள் இடம்தானே என்று வேலி போட்டுவிட்டோம்."

ஸ்டேட்டஸ் கோ என்றால், உத்தரவு போட்ட அன்றைக்கு அந்த இடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும், அப்பீல் முடிகிறவரை யாரும் கை வைக்காதீர்கள் என்று அர்த்தம். இடம் யாருடையது என்ற பேச்சே அதில் இல்லை. அந்த உத்தரவைக் கேட்டு வாங்கியது நீங்கள்தான் என்றாலும் அது பக்கத்து நிலத்துக்காரரை மட்டும் கட்டாது, உங்களையும் சேர்த்தே கட்டும். கேட்டு வாங்கியவரே மீறுவதைப் பார்த்தால் எந்த நீதிபதிக்கும் கூடுதலாகவே கோபம் வரும். இதற்கு ஹைகோர்ட் வரைக்கும் போகவேண்டியதுகூட இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 39-வது கட்டளை, 2ஏ விதி என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மனு போட்டால் அந்த சப் கோர்ட்டே உங்கள் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் செய்யலாம். எதிர்த்தரப்பு வக்கீல் ஃபேஸ்புக்கையே பார்த்துக்கொண்டிருப்பதால் வேலி அவர் கண்ணில் இன்னும் படவில்லை போலிருக்கிறது. உங்கள் கடிதத்தில் வருகிறவர்களில் ஜெயிலுக்குக் கிட்டத்தில் நிற்பது தாசில்தாரும் இல்லை, பையனும் இல்லை, நீங்கள்தான்.

அதனால் இன்றைக்கே உங்கள் சிவில் வக்கீலுக்கு போன் போட்டு வேலி விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இப்போது இருக்கிற நிலையைத் தேதியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, கல்லையும் முள்ளையும் எடுத்துவிட்டு, எடுத்தபிறகும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்சீப் கோர்ட்டில் கேஸ் நடந்தபோது அட்வகேட் கமிஷனர் வந்து இடத்தைப் பார்த்து வரைபடம் கொடுத்திருந்தால் அதை வைத்துத்தான் நாளைக்கு ஒப்பிடுவார்கள், எனவே பாதை அந்த வரைபடத்தில் எந்த அகலத்தில் இருக்கிறதோ அதே அகலத்தில் விட்டுவிடுங்கள். அவர்கள் ஏற்கெனவே மனு போட்டிருந்தால், தெரியாமல் செய்துவிட்டோம், பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம், நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்கிறோம் என்று பதில் மனுவில் எழுதச் சொல்லுங்கள். அந்த இடத்தில் போய் "எங்கள் பட்டா நிலம்" என்று வாதம் மட்டும் செய்யாதீர்கள். தப்பான உத்தரவாகவே இருந்தாலும் மேல் கோர்ட் ரத்து செய்கிறவரை அதற்குக் கீழ்ப்படிந்துதான் ஆகவேண்டும்.

சரி, இனி தாசில்தார் விஷயத்துக்கு வருவோம்.

இந்தியாவில் இதற்கென்று இருப்பது 1971-ம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம். அது அவமதிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. கோர்ட் உத்தரவை வேண்டுமென்றே மீறுவதும், கோர்ட்டில் கொடுத்த வாக்குறுதியை மீறுவதும் சிவில் அவமதிப்பு. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்கிறேன் என்று அஃபிடவிட் கொடுத்துவிட்டு அங்கேயே குடியிருக்கிறாரே வாடகைக்காரர், அவரும் இதில்தான் வருவார். கோர்ட்டின் பெயரைக் கெடுப்பதும், நடக்கிற வழக்கில் குறுக்கிடுவதும், நீதி நடக்கவிடாமல் தடுப்பதும் குற்றவியல் அவமதிப்பு. தாசில்தார் முதல் வகை, பையன் இரண்டாம் வகை. தண்டனை இரண்டுக்கும் ஒன்றுதான். அதிகபட்சம் ஆறு மாதம் சாதாரண சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ல் எழுதிய அந்த 2,000 ரூபாய் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. சிவில் அவமதிப்பில் அபராதமே போதுமா என்று பார்த்து, போதாது என்றால்தான் சிறை என்று சட்டமே சொல்கிறது.

ஊரில் இருக்கிற முக்கால்வாசிக் குழப்பத்துக்குக் காரணம், இதை உங்களுக்கும் தாசில்தாருக்கும் நடக்கிற வழக்கு என்று நினைப்பதுதான். கன்டெம்ப்ட் என்பது கோர்ட்டுக்கும் அதன் பேச்சைக் கேட்காதவருக்கும் நடுவில் நடப்பது. உங்கள் உத்தரவை இவர் மதிக்கவில்லை என்று தகவல் சொல்வதுதான் நீங்கள் செய்வது. தண்டிப்பதும் விடுவதும் கோர்ட்டின் விருப்பம். உங்களுக்கு நஷ்ட ஈடு வாங்கித் தருகிற வழக்கும் இல்லை, மூன்று வருஷம் அலையவிட்டதற்குப் பழி வாங்குகிற இடமும் இல்லை. மனு முடித்துவைக்கப்பட்டால், ஏன் அவரைத் தண்டிக்கவில்லை என்று இந்தச் சட்டத்தின் 19-வது பிரிவில் நீங்கள் அப்பீல் போகவும் முடியாது. தண்டிக்கப்பட்டவருக்குத்தான் அந்த உரிமை.

போடலாமா என்றால், போடலாம். இன்றைக்கு வேண்டாம்.

உத்தரவில் "நகல் கிடைத்த நாளிலிருந்து" என்ற வார்த்தை இருக்கிறது பாருங்கள், கன்டெம்ப்ட் மனுக்கள் அதிகமாகத் தடுக்கி விழுகிற இடம் அதுதான். அரசு வக்கீல் எழுந்து "எங்களுக்கு நகலே வரவில்லை" என்று சொன்னால் உங்களிடம் என்ன இருக்கிறது? நீங்கள் கொடுத்தது உண்மை. ஆனால் முத்திரையும் தேதியும் போட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதனால் ஹைகோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலோடு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, ஆகஸ்டில் வந்த உத்தரவு, செப்டம்பரில் நேரில் கொடுத்தது, இதுவரை முடிவு வராதது மூன்றையும் குறிப்பிட்டு இந்த வாரமே தாசில்தாருக்குத் தபாலில் அனுப்புங்கள். முன்பு பதிவுத் தபால் என்போம், 2025-ல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், எனவே ஸ்பீட் போஸ்ட்டில் பட்டுவாடா ஆனதற்கான அத்தாட்சியோடு அனுப்பினால் போதும். இன்னொரு பிரதியை நேரில் தபால் பிரிவில் கொடுத்து உங்கள் பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், தபால் அத்தாட்சி இருக்கிறது.

இன்னொரு வேலையும் சேர்த்தே செய்துவிடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தாலுகா ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு: இன்ன ரிட் உத்தரவின் நகல் உங்கள் அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கோப்பு எண்ணில் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், போன செப்டம்பரிலிருந்து இன்றுவரை தாசில்தாராக யார் யார் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார்கள். 30 நாளில் பதில் வரணும். அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்தே உத்தரவு அங்கே போயிருக்க வாய்ப்புண்டு. செப்டம்பரிலோ அக்டோபரிலோ நகல் வந்துவிட்டது என்று அவர்கள் கையெழுத்திலேயே பதில் வந்தால் உங்கள் ரசீதுப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

தாசில்தார்களின் பெயரும் தேதியும் எதற்கு என்றால், கன்டெம்ப்ட் நாற்காலி மேல் போடுவதில்லை, ஆள் மேல் போடுவது. பதவியோடு பெயரையும் எழுதித்தான் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள். 12 வாரம் தாண்டியபோது இருந்தவர் பழைய தாசில்தார். புதியவர் வந்து உட்கார்ந்தவுடனே அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, உத்தரவு அவர் பார்வைக்குப் போயிருக்க வேண்டும். நான் சொன்ன கடிதம் அந்த வேலையையும் செய்துவிடும். அது கையில் கிடைத்தபிறகும் அவர் சும்மா இருந்தால்தான் "வேண்டுமென்றே" என்று சொல்ல இடம் வரும். சட்டத்தில் உயிரான சொல் அதுதான். சர்வேயர் வரவில்லை, தேர்தல் வேலை, கோப்பு காணவில்லை என்று ஏதாவது சொல்வார்கள், அதில் எது நிஜக் காரணம், எது சாக்கு என்று நீதிபதி பார்ப்பார். "நாங்கள் அப்பீல் போட்டிருக்கிறோம்" என்று ஒரு பதிலும் வரும். அப்பீல் போட்டால் மட்டும் உத்தரவு நின்றுவிடாது, அதற்குத் தடை வாங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் கால வரம்பு. அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு தாக்கல் ஆகிவிட வேண்டும் என்பது 20-வது பிரிவு. இந்த ஒரு வருஷத்தைத் தவறவிட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. நகல் செப்டம்பரில் போனதாக வைத்தால் 12 வாரம் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ முடிந்தது, வருகிற நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ உங்கள் ஒரு வருஷம் முடிகிறது. நகல் இந்த மே மாதம்தான் கிடைத்தது என்று அவர்கள் வாதாடினால் 12 வாரம் ஆகஸ்டில் முடியும். ஆக, எந்தக் கணக்கில் பார்த்தாலும் அடிபடாத காலம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் பாதி வரை. அந்த இடைவெளியில் மதுரைக் கிளையில் மனுவைப் போட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் ஜூலையில் ஒரு வக்கீல் நோட்டீஸ் கொடுத்துப் பாருங்கள், பல ஆபீஸ்களில் அதிலேயே கோப்பு நகர்ந்துவிடும்.

மனு போட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலும் உத்தரவு போட்ட நீதிபதி முன்னாலேயே வரும். நோட்டீஸ் போகும். அரசு வக்கீல் அவகாசம் கேட்பார். அடுத்த வாய்தாவுக்குள் வி.ஏ.ஓ. உங்களுக்கு போன் செய்து "என்னம்மா, கோர்ட்டுக்கெல்லாம் போய்ட்டீங்க, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்பார். வாய்தா அன்றைக்கு, உத்தரவை நிறைவேற்றிவிட்டோம் என்று அறிக்கை தாக்கல் ஆகும், தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பார்கள், மனு முடித்துவைக்கப்படும். யாரும் ஜெயிலுக்குப் போகமாட்டார்கள். தாசில்தார் கூண்டில் நிற்பதைப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள், அதிகாரிகளை எடுத்தவுடனே நேரில் கூப்பிடாதீர்கள், தேவைப்பட்டால் முதலில் வீடியோவில் கூப்பிடுங்கள் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா ஹைகோர்ட்டுகளுக்கும் நடைமுறை வகுத்துக் கொடுத்திருக்கிறது.

அப்போது யாருமே தண்டனை வாங்கியதில்லையா என்றால், வாங்கியிருக்கிறார்கள். பாபர் மசூதி விவகாரத்தில் கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்காக உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் கல்யாண் சிங்குக்கு 1994-ல் ஒரு நாள் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். இன்னும் கிட்டத்தில், ஆந்திராவில் குண்டூரில் தாசில்தாராக இருந்தபோது ஹைகோர்ட் உத்தரவை மீறிக் குடிசைகளை இடித்த அதிகாரி ஒருவர், வழக்கு முடிவதற்குள் துணை கலெக்டர் ஆகிவிட்டார். ஹைகோர்ட் அவருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிறைக்குப் பதிலாக அவரைத் திரும்பவும் தாசில்தாராகவே பதவியிறக்கி ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. ஆனால் அது குடும்பம் குடும்பமாகத் தெருவில் நிறுத்திய வழக்கு. கோப்பில் தூசு படிந்த வழக்குக்கு அந்த அளவு எதிர்பார்க்காதீர்கள்.

இதைவிடக் கசப்பான சங்கதி ஒன்று உங்கள் உத்தரவிலேயே இருக்கிறது. ஹைகோர்ட் "பட்டா கொடு" என்று சொல்லவில்லை. "பரிசீலித்து முடிவெடு" என்றுதான் சொல்லியிருக்கிறது. நாளைக்கே தாசில்தார் பரிசீலித்து, தர முடியாது என்று எழுதிவிட்டால் உத்தரவு நிறைவேறியாகிவிட்டது! அந்த முடிவு சரியோ தப்போ, அதை எதிர்க்க வேறு வழிக்குத்தான் போகணும், கன்டெம்ப்ட் ஆகாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உத்தரவில் எழுதியிருப்பதைத் தாண்டி கன்டெம்ப்ட் கோர்ட் புதிதாக எதையும் கொடுக்காது. ஓ.என்.ஜி.சி. அதிகாரிகள் மீதான கன்டெம்ப்ட் வழக்கில், கூடுதல் பணியிடங்களை உருவாக்கிக் கொடுங்கள் என்று நம் சென்னை ஹைகோர்ட் சொன்னதைக்கூட 2014-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எனவே மனு போட்டால் வேகமாக உங்களுக்கு ஒரு பதில் வரும். அது பட்டாவாகவே வரும் என்று எந்த வக்கீலாவது உத்தரவாதம் கொடுத்தால் அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

நிராகரிக்க நினைத்தால் தாசில்தார் என்ன காரணம் எழுதுவார் என்பதுகூட உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது: "சிவில் வழக்கு நிலுவையில் உள்ளது." பாதை வழக்கு அதே சர்வே எண்ணில் இருந்தால் கட்டாயம் அதைப் பிடித்துக்கொள்வார். அதனால் இப்போது அனுப்புகிற கடிதத்திலேயே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள், அந்த வழக்கு வண்டி போகிற உரிமை பற்றியது, நிலத்தின் உரிமையை அதில் யாரும் மறுக்கவில்லை, வாரிசு முறையில் பெயர் மாற்றுவதற்கு அது தடை இல்லை என்று. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றின் நகலையும் திரும்ப வையுங்கள், ஏற்கெனவே மூன்று தடவை கொடுத்திருந்தாலும் சரி. மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்கள் சம்மதமும் வேண்டும், இல்லாவிட்டால் கூட்டுப் பட்டாவாகத்தான் வரும். அப்படியும் மறுத்துவிட்டால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) அப்பீல், அதற்கு மேல் டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு, 1983-ம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

இனி பையன்.

முதலில் அந்தப் பதிவை நீக்கச் சொல்லுங்கள், போட்டோவையும் சேர்த்து. வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு பண்ணியிருந்தால் அங்கேயும். நீக்கிவிட்டு "மிரட்டி நீக்க வைத்துவிட்டார்கள்" என்று இன்னொரு பதிவு போடுவார்களே இந்தக் காலத்துப் பிள்ளைகள், அதுவும் கூடாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்களே என்று கேட்பீர்கள், வைத்திருக்கட்டும். தானாகவே நீக்கினான் என்பதற்குக் கோர்ட்டில் மதிப்பு உண்டு.

அந்த வக்கீல் "உள்ளே தள்ளுகிறேன்" என்பதில் பாதிக்கு மேல் சவடால். முன்சீப் கோர்ட்டுக்கு இந்தச் சட்டத்தில் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. கோர்ட் நடக்கும்போதே உள்ளே நின்று நீதிபதியைத் திட்டினால் அவர் உடனே செய்யக்கூடியது வேறு, அதற்குத் தனிச் சட்டப்பிரிவு உண்டு. வெளியே எழுதியதற்கு ஹைகோர்ட்தான் தண்டிக்க முடியும். கீழ்க் கோர்ட்டை அவமதித்த விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போக, அந்தக் கீழ்க் கோர்ட்டே எழுதி அனுப்ப வேண்டும், அல்லது அட்வகேட் ஜெனரல் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் ஹைகோர்ட் தானாக எடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் நினைத்த மாத்திரத்தில் போடுகிற வழக்கு இல்லை. போனாலும் குறைந்தது இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து விசாரிப்பார்கள்.

ஆனால் சவடால் என்பதற்காகப் பையன் எழுதியது சரியாகிவிடாது. "இந்தத் தீர்ப்பு தப்பு, கமிஷனர் அறிக்கையை நீதிபதி பார்க்கவே இல்லை, சாட்சி சொன்னதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்" என்று எவ்வளவு காட்டமாக வேண்டுமானாலும் அவன் எழுதியிருக்கலாம். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது குற்றமில்லை என்று 5-வது பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. பணம் வாங்கினார் என்று எழுதியபோது அவன் தீர்ப்பை விட்டுவிட்டு ஆளைத் தொட்டுவிட்டான். தவிர, உங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை, அப்பீல் நிலுவையில் இருக்கிறது, அதனால் 5-வது பிரிவின் நிழலும் அவனுக்கு முழுசாகக் கிடைக்காது.

உண்மையைத்தானே எழுதினான் என்றால், 2006-ல் வந்த திருத்தத்தின்படி உண்மை என்பதை எதிர்வாதமாக வைக்கலாம். பொதுநலனுக்காகவும் நல்லெண்ணத்தோடும் சொன்னதாக இருக்க வேண்டும், முதலில் உண்மை என்று காட்டவேண்டும். எதிர்த்தரப்பு ஆள் டீக்கடையில் "எல்லாம் கவனிச்சாச்சு" என்று சொன்னதாக யாரோ சொன்னார்கள் என்பது ஆதாரமாகாது. நிஜமாகவே கையில் ஏதாவது இருந்தால் பிரமாணப் பத்திரத்தோடு மாவட்ட முதன்மை நீதிபதிக்கோ ஹைகோர்ட் பதிவாளருக்கோ புகாராக அனுப்புங்கள். கீழ்க் கோர்ட் நீதிபதி மேல் நல்லெண்ணத்தோடு ஹைகோர்ட்டுக்குச் செய்கிற புகார் அவமதிப்பு ஆகாது என்று 6-வது பிரிவு சொல்கிறது. அதே குற்றச்சாட்டை உறையில் போட்டு அனுப்பினால் புகார், ஃபேஸ்புக்கில் போட்டால் கன்டெம்ப்ட்.

தண்டனை எப்படி இருக்கும் என்பது ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும், அதில் ஒரு ஒழுங்கைத் தேடினால் கிடைக்காது. கேரள முதல்வராக இருந்தபோது ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு நீதித்துறையைக் கடுமையாக விமர்சித்ததற்கு ஹைகோர்ட் 1,000 ரூபாய் அபராதம் போட, 1970-ல் உச்ச நீதிமன்றம் அதை 50 ரூபாயாகக் குறைத்தது. உச்ச நீதிமன்ற வக்கீல் பிரசாந்த் பூஷணுக்கு 2020-ல் ஒரு ரூபாய் அபராதம். அதே வருஷம் நீட் தேர்வு பற்றிய அறிக்கைக்காக நடிகர் சூர்யா மேல் நடவடிக்கை எடுக்கணும் என்று ஒரு நீதிபதியே கடிதம் எழுதியும், சென்னை ஹைகோர்ட் எடுக்க மறுத்துவிட்டது. ஹைகோர்ட்டைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக எச். ராஜா 2018-ல் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார், அதோடு வழக்கு முடிந்தது. 2022-ல் சவுக்கு சங்கருக்கு மதுரைக் கிளை முழு ஆறு மாதம் கொடுத்தது, இரண்டு மாதம் கழித்து உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தது. என்னைக் கேட்டால், கோர்ட்டின் பெயரைக் கெடுத்தார் என்று ஒருவரைத் தண்டிக்கிற இந்தப் பகுதியே சட்டத்தில் வேண்டாம் என்பேன். நமக்கு இதைக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்திலேயே 2013-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் நம் சட்ட ஆணையம் 2018-ல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. என் அபிப்பிராயத்தை நம்பிப் பையன் எதையும் எழுதக் கூடாது.

ஒருவேளை நோட்டீஸ் வந்துவிட்டால், மன்னிப்பு உண்மையாக இருந்தால் கோர்ட் தண்டனையை ரத்து செய்யலாம் என்று 12-வது பிரிவிலேயே இருக்கிறது. "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்கிற சினிமாக்கார மன்னிப்பு வேலைக்கு ஆகாது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு வக்கீல், கீழ்க் கோர்ட் நீதிபதியை ஊழல்வாதி என்று மனுவிலேயே எழுதிவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டார். அறைந்துவிட்டு ஸாரி சொல்லிவிட்டு மறந்துவிடுகிற கதையெல்லாம் எங்களிடம் செல்லாது என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை உறுதி செய்தது. அதனால் மன்னிப்பு என்றால் முதல் வாய்தாவிலேயே, "ஆனால்" என்ற சொல் இல்லாமல் கேட்டுவிட வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. பற்றி இன்றைக்குக் கவலை வேண்டாம். அவன் மேல் வழக்கு எதுவும் இல்லை, ஒரு வக்கீல் மிரட்டியது விண்ணப்பத்தில் எழுதவேண்டிய சமாசாரம் இல்லை.

கடைசியாக, தாசில்தார் மேல் போட்டால் அந்த ஆபீசில் அப்புறம் ஒரு வேலையும் நடக்காது என்கிற பயம். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். சிலர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், ஒரு கையெழுத்துக்கு நாலு தடவை நடக்கவைப்பார்கள். ஆனால் தாசில்தார் நாற்காலியில் யாரும் ரொம்ப நாள் உட்காருவதில்லை, நீங்களே இப்போது இரண்டாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கன்டெம்ப்ட் வந்த கோப்பு என்றால் அடுத்து வருகிறவர் அதைத் தள்ளிப்போடத் தயங்குவார் என்பதுதான் நான் பார்த்தவரைக்கும் நடக்கிறது. மனுவில் அவர் லஞ்சம் கேட்டார், திட்டினார் என்றெல்லாம் சேர்க்காமல், உத்தரவு, தேதி, அத்தாட்சி, நிறைவேற்றவில்லை என்ற நான்கோடு நிறுத்தச் சொல்லுங்கள், விரோதம் வளராது. போன செப்டம்பரில் நகல் கொடுக்க உங்களோடு தாலுகா ஆபீசுக்கு யாராவது வந்திருந்தால் அவர் பெயரையும் தேதியையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மனு போடும்போது உங்கள் வக்கீல் அதைக் கேட்பார்.